நாடார் கை, தேவர் இலை: நெல்லைச் சீமையில் இந்தக் கணக்கு உதைக்கும் இடங்கள்

கேள்வி இதுதான்: "திருநெல்வேலிப் பக்கம் நாடார் என்றால் கை, தேவர் என்றால் இரட்டை இலை, முஸ்லிம் என்றால் சூரியன் என்கிறார்கள். எவ்வளவு தூரம் உண்மை? ஒரு ஊர் எந்தப் பக்கம் சாயும் என்பதை வெளியூர்க்காரர் எப்படிக் கண்டுபிடிப்பது?"

பாதி உண்மை. ஒரு சமுதாயத்தில் ஒரு கட்சிக்குப் பழகிப்போன அடித்தள ஓட்டு எங்கே இருக்கிறது என்பதை அந்தச் சூத்திரம் ஓரளவு சரியாகவே சொல்லும். யார் ஜெயிப்பார் என்பதை அதை வைத்துச் சொல்லப் போனால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். ராதாபுரம் தொகுதியை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1996இல் த.மா.கா., 2001இல் சுயேச்சை, 2006இல் தி.மு.க. மூன்று தடவையும் ஜெயித்தவர் அப்பாவு ஒருவரே. 2011இல் தே.மு.தி.க.வின் மைக்கேல் ராயப்பன், 2016இல் அ.தி.மு.க.வின் இன்பதுரை, 2021இல் மறுபடி அப்பாவு. ஆறு தேர்தலில் ஐந்து அடையாளம். தொகுதி எல்லை 2008 மறுவரையறையில் கொஞ்சம் மாறியது என்பது உண்மைதான். ஆனால் தேரிக்காட்டு விளைகளிலும் (செம்மணல் காட்டுக் குடியிருப்புகள்) கடலோரத்து ஊர்களிலும் குடியிருப்பவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறிவிடவில்லை.

மாறியது எது என்பதைப் பார்க்க நாங்குநேரியை விட நல்ல பாடம் கிடையாது. அங்கே எம்.எல்.ஏ.வாக இருந்த வசந்தகுமார் கன்னியாகுமரி எம்.பி. ஆனதால் 2019 அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தது. அ.தி.மு.க.வின் ரெட்டியார்பட்டி நாராயணன் 95,377, காங்கிரஸின் ரூபி மனோகரன் 61,932. வித்தியாசம் 33,445. பதினெட்டு மாதம் கழித்து 2021 ஏப்ரலில் அதே ரூபி மனோகரன், அதே கை சின்னம்: 75,902. அ.தி.மு.க.வின் தச்சை கணேசராஜா 59,416. இப்போது 16,486 ஓட்டில் காங்கிரஸ் வெற்றி. ஒரே வேட்பாளர், ஒரே தொகுதி. இரண்டு வித்தியாசத்தையும் கூட்டினால், இரு கட்சிக்கும் இடையிலான இடைவெளி 49,931 ஓட்டு அளவுக்குப் புரண்டிருக்கிறது. சாதிக் கணக்கு மட்டும் இதை விளக்காது.

உள்ளே இறங்கினால் காங்கிரஸ் கூடுதலாக வாங்கியது சுமார் 14 ஆயிரம்தான். அ.தி.மு.க. இழந்தது சுமார் 36 ஆயிரம். இடைத்தேர்தலில் நிற்காத அ.ம.மு.க. 2021இல் பரமசிவ ஐயப்பனை நிறுத்தி 31,870 வாங்கியது. "இலைக்குப் போன தேவர் ஓட்டை குக்கர் தூக்கிக்கொண்டு போய்விட்டது" என்று (குக்கர் அ.ம.மு.க.வின் சின்னம்) அப்போது டீக்கடையில் சொன்னது இதைத்தான். இருக்கலாம். ஆனால் மொத்தத் தொகை ஒத்துப்போவது மட்டுமே அதற்குச் சாட்சி ஆகாது. அதே இடைத்தேர்தலில் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயர் கோரிக்கைக்காகப் பல கிராமங்கள் கறுப்புக்கொடி கட்டி ஓட்டுப் போடாமல் புறக்கணித்தன. ஏழு உட்பிரிவுகளை அந்த ஒரே பெயரில் கொண்டுவரும் சட்டம் 2021இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2021இல் அந்த ஊர்க்காரர்கள் பூத்துக்கு வந்திருந்தால், காங்கிரஸ் ஏறியதிலும் மற்றவர்கள் ஏறியதிலும் அவர்கள் பங்கு இருக்கும். இடைத்தேர்தல் என்றால் ஆளுங்கட்சி அமைச்சர்கள் ஊர் ஊராகத் தங்கியிருந்து வேலை பார்ப்பார்கள் என்பது வேறு. எது எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால் பூத் வாரியாகப் போக வேண்டும்.

பூத் வாரியாகப் போவதற்கு இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று படிவம் 20. தேர்தல் முடிந்ததும் தேர்தல் நடத்தும் அதிகாரி கையெழுத்திடும் கடைசி முடிவுத்தாள் அது. ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வரி. அந்த வரியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த ஓட்டு, செல்லத்தக்க ஓட்டு, நோட்டா, மொத்தம். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி வாரியாகக் கிடைக்கும். இரண்டாவது, வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு பாகத்தின் (ஒரு வாக்குச்சாவடிக்கு ஒரு பாகம்) முதல் பக்கம். பட்டியல் முழுக்கத் தேவையில்லை, முதல் பக்கம் போதும். அந்தப் பாகத்தில் அடங்கிய தெருக்கள் பிரிவு வாரியாக அதில் வரிசையாக இருக்கும்: வடக்குத் தெரு, கீழத்தெரு, அம்மன் கோவில் தெரு, காலனி, பக்கத்துக் குடியிருப்பு என்று. ஆண், பெண், மொத்த எண்ணிக்கையும், வாக்குச்சாவடிக் கட்டடத்தின் பெயரும் அங்கேயே இருக்கும்.

இந்த இரண்டையும் பாக எண் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவதுதான் வேலை. மேசைக்கணக்காகப் பார்த்தால் ஒரு நாள் வேலை. ஆனால் எந்தத் தெரு யாருடையது என்பது காகிதத்தில் இருக்காது. அதற்கு அந்த ஊர் தபால்காரர், பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவர், ரேஷன் கடைக்காரர் என்று மூன்று பேரிடமாவது தனித்தனியாகக் கேட்க வேண்டும். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். கட்சிக் கிளைச் செயலாளரை மட்டும் கேட்டால் தன் ஆட்கள் எண்ணிக்கையை ஒன்றரை மடங்காகத்தான் சொல்வார். அது அவர் குற்றமில்லை, சீட்டுக் கேட்கும்போது சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜமாகியிருக்கும்.

"தொகுதியில் எங்க ஆளுங்க எண்பதாயிரம்" என்ற வகை எண்களை அப்படியே தள்ளிவிடலாம். எல்லாச் சாதியையும் எண்ணி வெளியிட்ட கணக்கெடுப்பு 1931தான் கடைசி. அதற்குப் பிறகு பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை மட்டுமே கிராம அளவில் கிடைக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அதை ஊர் ஊராக எடுக்கலாம். வாக்காளர் பட்டியலில் சாதியும் இல்லை, மதமும் இல்லை. ஒரு தொகுதியில் எல்லாச் சங்கமும் சொல்லும் எண்ணைக் கூட்டிப் பாருங்கள், மொத்த வாக்காளரை விட அதிகம் வரும்.

பெயரை வைத்து ஆள் கண்டுபிடிக்கிறேன் என்று சிலர் இறங்குவார்கள். மற்ற ஊரில் எப்படியோ, இங்கே அது கவிழ்த்துவிடும். இசக்கியம்மாள், சுடலைமுத்து, பேச்சியம்மாள், மாரியப்பன் என்ற பெயர்கள் நாடார், மறவர், கோனார், தேவேந்திரர் என்று எல்லா வீட்டிலும் உண்டு, குலசாமி அப்படி. செல்வராஜும் தங்கராஜும் இந்துவா கிறிஸ்தவரா என்று தகப்பன் பெயரைப் பார்த்தாலும் சமயத்தில் தெரியாது. முஸ்லிம் பெயர்கள் மட்டும் ஓரளவு பிரிந்து தெரியும். கட்டடத்தின் பெயரும் அப்படித்தான். "டி.டி.டி.ஏ. துவக்கப்பள்ளி" (திருநெல்வேலி சி.எஸ்.ஐ. திருமண்டலம் நடத்துவது) என்று இருந்தால் அது கிறிஸ்தவ பூத் என்று எழுதிவிடுகிறார்கள். திருமண்டலப் பள்ளிகள் நூறு வருடத்துக்கு மேலாக எல்லாத் தெருவுக்கும் பொதுவாக இருப்பவை. ஓட்டுப் போட வருவது அந்தப் பாகத்துத் தெருக்காரர்கள். கட்டடம் யாருடையது என்பதற்கு அங்கே வேலையில்லை.

அடுத்து, தேர்தலுக்குத் தேர்தல் ஒப்பிடும்போது தவறும் இடங்கள். பாக எண் நிலையானது என்று நம்பி 2016இன் 112ஐ 2021இன் 112ஓடு ஒட்டுவதுதான் பெரிய தப்பு. 2021இல் கொரோனா காரணமாக ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளர் அளவில் என்று குறைத்தபோது துணைச் சாவடிகள் ஏராளமாக முளைத்தன; 112, 112அ என்று பிரிந்தன. பழைய தேர்தலோடு ஒப்பிட இரண்டையும் கூட்டித்தான் ஒரு வரி ஆக்க வேண்டும். சில ஊரில் ஆண்கள் சாவடி, பெண்கள் சாவடி என்று தனித்தனியாக இருக்கும். அவற்றைச் சேர்க்காமல் விட்டால் ஒரே தெரு இரண்டு அரசியல் பேசுவது போலத் தெரியும். (அதிலும் ஒரு லாபம் உண்டு: ஆணும் பெண்ணும் எவ்வளவு வேறுபட்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்று நேரடியாகக் காட்டும் ஒரே காகிதம் அதுதான். பீடி சுற்றும் ஊர்களில் பார்க்க வேண்டிய வரி அது.) எண்ணை நம்பாமல் முதல் பக்கத்துத் தெருப் பெயர்களை ஒப்பிட்டுத்தான் பாகத்தை ஒட்ட வேண்டும்.

படிவத்தில் வேட்பாளர் வரிசையும் இடம் மாறும். அங்கீகரித்த கட்சிகள் முதலில், பதிவு செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெயர் அகரவரிசை. போன தடவை மூன்றாவது கட்டத்தில் இருந்த கட்சி இந்தத் தடவை முதல் கட்டத்தில் இருக்கும். சின்னத்தையும் கட்சியையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. 2021இல் வாசுதேவநல்லூரில் ம.தி.மு.க.வின் சதன் திருமலைக்குமார் உதயசூரியனில் நின்றார். அதை தி.மு.க. ஓட்டு என்று நீங்கள் எழுதிவைத்தால் அடுத்த தேர்தல் ஒப்பீடு முழுக்கக் கோணலாகும். ஸ்கேன் செய்த பழைய படிவங்களில் 3ம் 8ம் மாறித் தெரியும். ஒவ்வொரு வரியையும் குறுக்கே கூட்டி, செல்லத்தக்க ஓட்டோடு சரிபார்த்துவிட்டு மேலே போங்கள்.

இனி, பூத்தில் விழுந்த ஓட்டிலிருந்து சமுதாயத்தின் ஓட்டைக் கணக்கிடுவது. இங்கேதான் பலர் ஒரு தாண்டு தாண்டிவிடுகிறார்கள். ஒரு பூத்தில் 900 ஓட்டு விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 700 ஒரு சமுதாயம், 200 மற்றவர்கள். ஒரு கட்சிக்கு 500 விழுந்திருக்கிறது. "அந்தச் சமுதாயம் அந்தக் கட்சிக்குத்தான்" என்று எழுதுவார்கள். நிதானமாகப் பாருங்கள். மற்ற 200 பேரும் அதே கட்சிக்குப் போட்டிருந்தால், 700இல் 300தான் அங்கே போயிருக்கும், 43 சதவீதம். மற்ற 200 பேரில் ஒருவர்கூடப் போடவில்லை என்றால் 500, அதாவது 71 சதவீதம். 43க்கும் 71க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அதற்கு மேல் இந்த ஒரு பூத் சொல்லாது. அதனால் கலப்பில்லாத பூத்துகளை மட்டும் முதலில் பொறுக்க வேண்டும். பத்தில் ஒன்பது பேராவது ஒரே சமுதாயம் என்று உறுதியாகத் தெரிகிற பூத். கடலோரத்தில் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, மேலே மேலப்பாளையத்தின் உள் தெருக்கள், தேரிக்காட்டு விளைகள் இப்படிக் கிடைக்கும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் ஆற்றங்கரைப் பக்கம் தெருவுக்குத் தெரு மாறுவதால் கலப்பில்லாத பூத் அரிது. அங்கே இந்த முறை ஓடாது என்று ஒப்புக்கொள்வதே நாணயம்.

கலப்பில்லாத பூத்துக்கு ஒரு சங்கடமும் உண்டு. காலனி மட்டும் தனி பூத்தாக இருந்தால் அந்தக் காலனி யாருக்குப் போட்டது என்பது மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும். பல இயந்திரங்களின் ஓட்டைக் கலந்து எண்ணும் கருவி வேண்டும் என்ற யோசனை நெடுநாளாக இருக்கிறது, நடைமுறைக்கு வரவில்லை. நீங்கள் கணக்கை வெளியிடும்போது தெருப் பெயரோடு வெளியிடாமல், ஒரே மாதிரியான பத்துப் பூத்துகளைச் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

இப்படிப் பார்த்தால் சமுதாயம் வாரியாக என்ன சொல்ல முடியும்?

நாடார்-காங்கிரஸ் உறவு காமராஜரோடு இறுகியது. அதற்கு முன் அந்தச் சமுதாயத்தின் பெரிய தலைவர்கள் நீதிக்கட்சிப் பக்கம் இருந்தார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன். இன்று தொகுதியில் எல்லாப் பெரிய கட்சியும் நாடாரையே நிறுத்தும்போது "நாடார் ஓட்டு" என்ற சொல்லுக்கு அர்த்தம் குறைந்துவிடுகிறது. 2021 ஆலங்குளம் நல்ல உதாரணம். அ.தி.மு.க.வின் மனோஜ் பாண்டியன் 74,153, தி.மு.க.வின் பூங்கோதை ஆலடி அருணா 70,614, பனங்காட்டுப் படை கட்சியின் ஹரி நாடார் 37,727. மூவரும் ஒரே சமுதாயம். வித்தியாசம் 3,539. அப்படியானால் முடிவைத் தீர்மானித்தது நாடார் அல்லாதவர்களும், அந்த 37,727 யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்பதும்தான். 2016இல் பூங்கோதை ஜெயித்தபோது அவருக்கு அதிகம் விழுந்த பூத்துகளில் 2021இல் ஹரி நாடார் எவ்வளவு வாங்கினார் என்று ஒட்டிப் பார்த்தால் பதில் கிடைக்கும். கிறிஸ்தவ நாடார், இந்து நாடார் என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதும் இப்போது அவசியம். தாமரை களத்தில் இருக்கும்போது இருவரும் ஒரே பக்கம் போவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

தேவர்-இரட்டை இலை என்பதற்கு எதிர்ச்சாட்சி நாங்குநேரியில் பார்த்தோம். இன்னொன்று திருநெல்வேலி தொகுதி. நயினார் நாகேந்திரன் இலையில் நின்று 2001, 2011இல் ஜெயித்தார். 2006இல் 606 ஓட்டிலும் 2016இல் 601 ஓட்டிலும் தோற்றார். 2021இல் தாமரைக்கு மாறி, அ.தி.மு.க. கூட்டணியோடு 23,107 ஓட்டில் ஜெயித்தார். ஆள் ஓட்டு, கட்சி ஓட்டு, கூட்டணி ஓட்டு மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் தொகுதி இது. கூட்டணி உடைந்த 2024 மக்களவைத் தேர்தல் அதைப் பிரித்துக் காட்டியது: காங்கிரஸின் ராபர்ட் புரூஸ் 5,02,296, நயினார் 3,36,676, அ.தி.மு.க. 89,601. ஆறில் ஒரு பங்குகூட வராமல் அ.தி.மு.க. டெபாசிட்டை இழந்தது. இலையையும் தாமரையையும் கூட்டினாலும் காங்கிரஸை எட்ட 76 ஆயிரம் குறைகிறது. கூட்டினால் கூடிவிடும் என்பதும் ஒரு நம்பிக்கைதான். மேலப்பாளையம், ஏர்வாடி, கிறிஸ்தவ ஊர்களில் இலைக்குப் போடுகிறவர் அந்த இலை தாமரையோடு வந்தால் போடுவாரா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முஸ்லிம் ஓட்டு விஷயத்தில் சூத்திரம் ஓரளவு நிற்கிறது. மேலப்பாளையம் அடங்கிய பாளையங்கோட்டையில் 2021இல் தி.மு.க.வின் அப்துல் வகாப் 52,141 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் கடையநல்லூரில் 2016இல் முஸ்லிம் லீக்கின் அபூபக்கர் மயிரிழையில் ஜெயித்து, 2021இல் அ.தி.மு.க.வின் கிருஷ்ணமுரளியிடம் தோற்றார். ஒரு பக்கம் திரள்வது எதிர்ப்பக்கத்தையும் திரட்டிவிடும் தொகுதி அது.

தேவேந்திரர் ஓட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் புதிய தமிழகத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கட்சியின் தலைவர் கிருஷ்ணசாமி 1998 முதல் 2024 வரை தென்காசி மக்களவைத் தொகுதியில் மீண்டும் மீண்டும் நின்றும் ஜெயிக்கவில்லை. காரணம் எளிது: தனித்தொகுதியில் எல்லா வேட்பாளரும் பட்டியல் சாதி, ஆகவே முடிவு செய்வது மற்றச் சமுதாயங்கள். அவர்கள் சமுதாயத் தலைவரை விட்டு, பெரிய கட்சியின் சத்தமில்லாத வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். 2024இல் கிருஷ்ணசாமி ஒரு கூட்டணியிலும் அதே சமுதாயத்தின் இன்னொரு தலைவர் ஜான் பாண்டியன் வேறொரு கூட்டணியிலும் நிற்க, தி.மு.க.வின் ராணி ஸ்ரீகுமார் ஜெயித்தார்.

கடலோரத்துக்கு ஒரு வரி: போராட்டக் கூட்டத்தை ஓட்டாக எண்ணாதீர்கள். கூடங்குளம் போராட்டத்தின் முகமாக இருந்த உதயகுமார் 2016இல் ராதாபுரத்தில் நின்றார். போட்டி அப்பாவுக்கும் இன்பதுரைக்கும்தான் நடந்தது.

கிராம ஊராட்சித் தேர்தல் முடிவை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னத்தில் நிற்பதில்லை. அங்கே ஓடுவது வகையறா, தெரு, கோவில் கொடை வரி, குளத்து மீன் குத்தகை. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் ஓட்டுக்குத்தான் கட்சிச் சின்னம் உண்டு. 2021 அக்டோபரில் இரண்டும் ஒரே நாளில் நடந்தன. ஒரே ஆள் நாலு நிறத்துச் சீட்டு வாங்கி நாலு விதமாகக் குத்தியிருப்பார்.

கடைசியாக, படிவம் 20இன் அடியில் தனியாக நிற்கும் தபால் ஓட்டு வரி. அதற்குப் பூத் கிடையாது, தெரு கிடையாது, எந்தச் சமுதாயத்தின் கணக்கிலும் சேராது. பெரும்பாலும் தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் போட்டவை. 2016 ராதாபுரத்தில் இன்பதுரை 69,590, அப்பாவு 69,541. நாற்பத்தொன்பது ஓட்டு. தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லாது என்று 203 தபால் ஓட்டை ஒதுக்கியதை எதிர்த்து அப்பாவு வழக்குப் போட்டார். 2019இல் உயர் நீதிமன்றம் தபால் ஓட்டோடு 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஆகவே பூத் கணக்கை எல்லாம் கூட்டி முடித்ததும், தொகுதி வித்தியாசத்தையும் தபால் வரியின் மொத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தபால் வரி பெரியதாக இருந்தால், "இந்தச் சாதிதான் ஜெயிக்க வைத்தது" என்ற வாக்கியத்தை அந்தத் தொகுதிக்கு எழுத வேண்டாம்.